சார்க் குறிப்பேடும் கும்மிடிப்பூண்டி முகாமும்

சார்க் தொடங்கிய ஆண்டு 1985. இடம் டாக்கா. தலைமைச் செயலகம் காத்மாண்டு. உறுப்பு நாடுகள் எட்டு, கடைசியாகச் சேர்ந்தது ஆப்கானிஸ்தான்.

ஊத்துக்கோட்டையில் நாங்கள் நடத்தும் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வருகிற தம்பி தங்கைகளில் பாதிப்பேர் குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள். இந்த நாலு வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் வகுப்புத் தோழியைக் கூட்டிவந்தார். தோழியின் வீடு கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறது. பிறந்ததும் அங்கேதான். அவர் குரூப் தேர்வு எதற்கும் விண்ணப்பம் போடுவதில்லை. முகாம் அட்டையை வைத்துக்கொண்டு அரசு வேலைக்குப் போன ஒருவரைக்கூடத் தன் முகாமில் பார்த்ததில்லை என்றார். சும்மா படிக்க வந்தேன் என்றவர், சார்க் பாடம் முடிந்ததும் ஒன்று கேட்டார்: “அண்ணா, அந்த சார்க்ல எங்கள மாதிரி ஆளுங்க மனு குடுக்க முடியுமா?”

முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டோம். ஏன் முடியாது என்பதை அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சார்க் சாசனத்தில் பத்தாவது பிரிவு என்று ஒன்று உண்டு. தேர்வில் கேட்கமாட்டார்கள், ஆனால் அதுதான் முக்கியம். எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்படவேண்டும் என்பது அதன் முதல் வரி. இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் பேச்சில் சேர்க்கப்படமாட்டா என்பது இரண்டாவது. தெற்காசியாவில் சர்ச்சை இல்லாத பிரச்சினை எது? ஆற்றுநீர், எல்லை, அகதி, மீனவர், சிறுபான்மையினர் எல்லாமே சர்ச்சைதான். அவற்றை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து எதைப் பேசுவது?

1986 நவம்பரில் இரண்டாவது சார்க் மாநாடு பெங்களூரில் நடந்தது. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் வந்திருந்தார்கள். அப்போது இலங்கையில் போர் மூன்றாவது ஆண்டைத் தாண்டியிருந்தது. படகேறி ராமேஸ்வரம் வந்தவர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். எம்.ஜி.ஆரும் பிரபாகரனும்கூட அந்த நாட்களில் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டுப் பேச்சு நடந்தது. ஆனால் மாநாட்டு அரங்கத்துக்கு வெளியே. அரங்கத்துக்கு உள்ளே அந்தப் போர் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. வட்டாரத்தின் மிகப் பெரிய ரத்தக்களறியை, அந்த வட்டாரத்தின் ஒரே அமைப்பு வாய்திறந்து பேசமுடியாத நிலை.

சார்க்கினால் எதிலும் ஒத்துப்போக முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். மறு ஆண்டே, 1987 நவம்பரில், காத்மாண்டுவில் பயங்கரவாதத்தை ஒடுக்கும் உடன்படிக்கையில் எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டன. தப்பி ஓடியவனைப் பிடித்து ஒப்படைக்க உடன்படிக்கை உண்டு. தப்பி ஓடியவளுக்கு அடைக்கலம் தர உடன்படிக்கை நாற்பது ஆண்டாகியும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

கூட்டுப் பாதுகாப்பு என்றால் ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழுந்ததாக எடுத்துக்கொள்வது என்றுதான் அரசியல் பாடப் புத்தகம் சொல்லும். காலனி ஆட்சியிலிருந்து வெளிவந்த நாடுகளில் இந்த ‘எல்லோர்’ யார் என்பதில்தான் சிக்கல். அரசு, ராணுவம், எல்லைக்கோடு ஆகியவை அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. தோட்டத் தொழிலாளி வருவதில்லை.

வெளியுறவு என்பது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடத்து விவகாரம் என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. 1951 அக்டோபரில் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தபோது அவர் சொன்ன காரணங்களில் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை மட்டும்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வெளியுறவுக் கொள்கையும் அதில் ஒரு காரணம். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் ஏறத்தாழ 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது, நண்பர்கள் இல்லாமல் போனதற்கு நாம் தரும் விலை இது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பேசும்போது பஞ்சசீலத்தை நம்பிச் சீனாவிடம் ஏமாறாதீர்கள் என்ற பொருளில் எச்சரித்தார். அப்போது உருவாகிக்கொண்டிருந்த சீட்டோ என்னும் தென்கிழக்காசியப் பாதுகாப்புக் கூட்டை நேரு எதிர்த்த மாதிரி அவர் எதிர்க்கவில்லை. சீட்டோ விஷயத்தில் அண்ணலோடு எங்களுக்கு உடன்பாடு கிடையாது. தென்கிழக்காசியாவிலிருந்து தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் மட்டுமே சேர்ந்து, வெளிவல்லரசுகளின் தயவில் ஓடிய அந்தக் கூட்டு 1977இல் கலைந்தது. ஆனால் பாதுகாப்பு என்றால் யாருடைய செலவில் என்று கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வியை மலையகத் தமிழரிடம் கொண்டுபோனால் வரலாறே வேறு மாதிரி தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் திருச்சி, சேலம், ஆற்காடு, மதுரைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆட்களை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்: பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சத்துக்கும் ஆண்டைக்கும் தப்பிப் போனவர்கள். பல பத்தாண்டுகள் இலங்கைக்கு அந்நியச் செலாவணியை அள்ளிக் கொடுத்தது அவர்கள் கிள்ளிய கொழுந்து. சுதந்திரம் வந்த 1948லேயே இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் இந்த மக்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அது ஒன்றையும் தீர்க்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் ஆசியப் பிரதமர்கள் கூடினார்கள். 1955 ஏப்ரலில் பாண்டுங். இருபத்தொன்பது ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடி, காலனியாதிக்கத்துக்கு எதிராகத் தோளோடு தோள் நின்ற மாநாடு என்று நாம் பெருமையாகப் படிக்கிறோம். பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. அங்கே சோவியத் ஆதிக்கத்தையும் காலனியாதிக்கம் என்று சொல்லலாமா என்று கொத்தலாவலைக்கும் நேருவுக்கும் வாக்குவாதம்கூட நடந்தது. கிழக்கு ஐரோப்பாவின் உரிமைக்காக வாதாடிய நேரத்தில், அந்த இருவரின் நாடுகளுக்கும் நடுவில் ஏறத்தாழ பத்து லட்சம் தோட்டத் தொழிலாளர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் லயன்களில் கிடந்தார்கள்.

அதன் முடிவு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். சீனப் போரில் தோற்று இரண்டு ஆண்டு ஆன இந்தியாவுக்கு அக்கம்பக்கத்தில் நட்பு தேவைப்பட்டது. கணக்கு இப்படிப் பிரிக்கப்பட்டது: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று வெட்டினார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அந்த மக்களின் பிரதிநிதி ஒருவரும் கையெழுத்து மேசையில் இல்லை.

கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், 1968இல். கடன் கொடுக்க 1969இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். நம்மூர்ப் பக்கம் பேருந்தில் போகும்போது பார்க்கிற ரெப்கோ வங்கிப் பலகை அதுதான். அங்கே நகைக்கடன் வாங்குகிற எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்? 2022இல் அரசு, டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக்கொடுக்க முடிவெடுத்தது. மூன்றாம் தலைமுறை மறுபடி வீட்டைக் காலிசெய்ய வேண்டுமோ என்று பயந்துகொண்டிருக்கிறது.

இலங்கையிலேயே தங்கியவர்களில் பலர் 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போனார்கள். அங்கே போர் துரத்தியது. படகேறினார்கள். ஆகவே இன்று முகாம்களில் ‘இலங்கை அகதி’ என்று பதிவாகியிருப்பவர்களில் சுமார் 30,000 பேர் இந்திய வம்சாவளியினர் என்று மதிப்பிடுகிறார்கள். பாட்டனைச் சேரியிலிருந்து கொண்டுபோனார்கள். பேத்தி முகாமில் அந்நியராக நிற்கிறார். எங்களிடம் கேள்வி கேட்ட தங்கையின் தாய்வழிப் பாட்டியும் ஹட்டன் பக்கத்துத் தோட்டம்தான்.

1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். பதின்மூன்றாவது திருத்தம், அமைதிப்படை இதெல்லாம் எல்லோரும் பேசுவது. கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டுக்கும் ராணுவப் பயன்பாட்டுக்குத் தரக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடும் கூட்டாக நடத்தும் என்பவை இருக்கின்றன. ஒப்பந்தத்துக்குள்ளேயே இன்னொரு வரியும் இருக்கிறது: இலங்கையில் இருக்கும் இந்தியக் குடிமக்களை இந்தியா விரைந்து திருப்பி அழைத்துக்கொள்ளும், அதே நேரத்தில் தமிழ்நாட்டிலிருக்கும் இலங்கை அகதிகள் திருப்பி அனுப்பப்படுவார்கள். அதே பண்டமாற்று, இருபத்துமூன்று ஆண்டு கழித்து. அந்த ஒப்பந்தத்துக்காகப் போன அமைதிப்படையில் சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். அவர்கள் கையால் ஈழத்தில் செத்த தமிழருக்குச் சரியான கணக்கே இல்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு நாலு வாரம் முன்பு, 1987 ஜூலை 1 அன்று, இந்தியக் குடியுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. அதுவரை இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன். அந்த நாளிலிருந்து பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மறைவாக வருகிறவர்களைக் காரணம் காட்டித்தான் 1986இல் அந்த மசோதா கொண்டுவரப்பட்டது. 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது: உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, அவர் விண்ணப்பிக்கவே முடியாது. உயிர் பிழைக்கப் படகேறியவர் எந்த ஆவணத்தை எடுத்துக்கொண்டு ஏறுவார்? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் கிடையாது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று உத்தரவு போட்டது. ஜெயிலில் போடமாட்டோம் என்பது நல்ல செய்திதான். அது குடியுரிமை அல்ல.

குடியுரிமை இல்லாவிட்டால் இடஒதுக்கீடும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டனை எந்தச் சாதி காரணமாகக் கப்பலேற்றினார்களோ அந்தச் சாதிக்குரிய சட்டப் பாதுகாப்பைப் பேத்தி கேட்கமுடியாது. முகாமுக்குள் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் அந்தச் சாதி தவறாமல் விசாரிக்கப்படுகிறது.

இனி வளர்ச்சி. இதற்கு நாம் இலங்கைக்குப் போகவேண்டாம், தேர்வாய்கண்டிகைக்குப் போனால் போதும். ஊத்துக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். ஆடு மாடு மேய்த்த, விறகு எடுத்த, காப்பாற்றி வளர்த்த சுமார் 1,100 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் 2007இல் சிப்காட்டுக்கு என்று அரசு எடுத்தது. 2009இல் பிரான்சின் மிச்செலின் டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள் மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், வழக்குப் போட்டார்கள். பிறகு அந்தக் கிராமத்துச் சங்கம், பிரெஞ்சுத் தொழிற்சங்கம் ஒன்றோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து 2012 ஜூலையில் பாரிஸில் புகார் கொடுத்தது. ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் நெறிமுறைகளின்படி, உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் புகார் வாங்க ஓர் அலுவலகம் இருக்கவேண்டும். அந்த அலுவலகத்துக்குத்தான் போனார்கள். 2013இல் வந்த அறிக்கை பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்தான் பேசியது. புகார் கொடுத்தவர்கள் அதிருப்தியோடு விலகிக்கொண்டார்கள். நிலம் திரும்பவில்லை. ஆனால் மனித உரிமைப் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லவைக்க முடிந்தது. ஒரு சேரியின் புகாருக்கு எழுத்தில் பதில் வந்தது.

தேர்வாய் மக்கள் தட்டப் பாரிஸில் ஓர் ஓட்டைக் கதவாவது இருந்தது. கும்மிடிப்பூண்டி முகாம் மக்கள் தட்டக் காத்மாண்டுவில் அதுகூட இல்லை. பாதுகாப்போ வளர்ச்சியோ, பாதிக்கப்பட்டவர் நேரில் போய்க் கேட்கும் இடம் ஒன்று இல்லாத வட்டார அமைப்பு, அரசுகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சீட்டுக் கம்பெனி. அதையும் ஒழுங்காக நடத்தவில்லை: 2014 நவம்பருக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை, உறுப்பு நாடுகளுக்குள் நடக்கும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இந்தியா - இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் மட்டும் 2000இலிருந்து நடக்கிறது. 2022இல் இலங்கை திவாலானபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி செய்தது. பக்கத்து வீட்டுக்குக் கைகொடுத்ததைக் குறை சொல்லவில்லை. அதே மாதங்களில் அரிச்சல்முனை மணல்திட்டில் பட்டினியோடு வந்திறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாமில் என்ன நிலையில் வைக்கப்பட்டார்கள் என்பதையும் கூடவே எழுதிவைக்கச் சொல்கிறோம்.

ஏழை நாடுகள், இவ்வளவுதான் முடியும் என்று சிலர் சொல்வார்கள். ஆப்பிரிக்கா நம்மைவிடப் பணக்காரக் கண்டமா? 1969லேயே ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தனக்கென்று ஓர் அகதிகள் உடன்படிக்கை எழுதிக்கொண்டது. தனிப்பட்ட முறையில் வேட்டையாடப்பட்டவர் மட்டுமல்ல, ஆக்கிரமிப்பாலும் பொது ஒழுங்கு குலைந்ததாலும் ஊரைவிட்டு ஓடியவரும் அகதியே என்று ஐநாவின் வரையறையை அது விரித்தது. 1975இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு, உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் 90 நாள் வரை போய்வர 1979இல் வழிசெய்தது. சொர்க்கம் ஒன்றும் இல்லை. 1983இல் நைஜீரியா பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கானா நாட்டவரையும் மற்றவரையும் விரட்டியது. அண்மையில் மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றும் கூட்டமைப்பைவிட்டு வெளியேறின. ஆனாலும் மீறினார்கள் என்று சுட்டிக்காட்ட அங்கே ஒரு வரி இருக்கிறது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்டில் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி தர 1976இல் ஒத்துக்கொண்டு, வழியில் ஆவியாவது கசிவது போக 12 டிஎம்சி எல்லையில் தரவேண்டும் என்று 1983இல் ஒப்பந்தமாகி, 1996இல் முதல் தண்ணீர் வந்தது. 12 முழுதாக வந்த ஆண்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இருந்தாலும் எல்லையில் அளவுகோல் இருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று அதிகாரி எழுதிவைக்கிறார், கேட்கிறார். 1964இல் இந்தியா எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட ஐந்தேகால் லட்சம் பேருக்கு என்ன ஆயிற்று என்று அளக்க ஒரு குச்சிகூட யாரும் நட்டுவைக்கவில்லை.

எங்கள்மேலும் குறை இருக்கிறது. தமிழ்த் தேசிய மேடைகள் ஈழத்தைத் தொப்புள்கொடி உறவு என்று முழங்கும். மலையகம் என்ற சொல் அங்கே அபூர்வமாகத்தான் விழும். தலித் இயக்கங்களோ அதை ஈழப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டு நம் காலனிகளோடு நின்றுகொண்டோம். இருபது நிமிட பஸ் தூரத்துச் சிப்காட் வாசலில் நம் தம்பியும் முகாம் தம்பியும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு நிற்கிறார்கள் என்பதை நாங்களே மிகத் தாமதமாகத்தான் கவனித்தோம்.

தமிழ்நாடு அரசு 2021இல் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் அறிவித்தது, 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொன்னது, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வரவேற்றோம். வீட்டுக்குப் பட்டா கேட்டால் மறுபடி குடியுரிமைக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

இப்போதைக்குச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, மாணவர்கள் கைகொடுத்தால் வேகமாக நடக்கும். மதுரை உயர்நீதிமன்றக் கிளை இரண்டு வாசல்களைக் காட்டியிருக்கிறது. 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு முகாமையும் மண்டபத்தையும் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக மட்டும் பார்க்காமல் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்படி சொன்னது. 2022இல், 1987 ஜூலை 1க்கு முன்பு இங்கே முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. இரண்டுக்கும் தேவை காகிதம்: 1987க்கு முந்திய பிறப்புச் சான்று, தாத்தா பாட்டியின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு, இங்கே விட்டுப்போன ஊரின் பெயர். முகாம் பெட்டிகளில் அவை மக்கிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு வாசிப்பு வட்டம் ஊத்துக்கோட்டையில் இல்லை, கும்மிடிப்பூண்டியில். ஸ்கேன் செய்ய ஒரு செல்போன், ஒரு நோட்டு, பேனா கொண்டுவாருங்கள். பாட்டியின் தகரப் பெட்டியைத் திறக்க வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டதாக அந்தத் தங்கை செய்தி அனுப்பியிருக்கிறார்.